மூட்டைக்குள் இருக்கும் வைட்டமின்

தஞ்சாவூர், ஒரத்தநாடு பக்கத்து மீன்குட்டைகளில் நோய் என்று பேச்செடுத்தால் எல்லாரும் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். பி.எச். பார்த்தாயிற்றா, சுண்ணாம்பு அடித்தாயிற்றா, ஏரேட்டர் ஓடுகிறதா. கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் கரையை விட்டுத் தீவனக் கொட்டகைக்குள் நுழைந்தால், யாரும் கேட்காத கேள்வி ஒன்று அங்கே மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. மேலே தகரக் கூரை, கீழே ஈரம் ஊறும் மண் தரை, சுவரை ஒட்டித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் மிதவைத் தீவனமும். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே சற்று நேரம் நின்றாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். வளர்ப்பு மீனின் உடம்புக்கு வைட்டமின் போய்ச் சேர்வதும் சேராததும் மருந்துக்கடையில் முடிவாகிற விஷயம் இல்லை, இந்தக் கொட்டகையிலும் தீவனம் அள்ளிப் போடுகிறவர் கையிலும் முடிவாகிறது என்பதுதான் நான் அங்கே பார்த்ததிலிருந்து வந்து சேர்ந்த முடிவு.

வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்வோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதை உடம்பே தயாரித்துக்கொள்ளும். கட்லா, ரோகு, மிர்கால் உட்பட நாம் வளர்க்கிற மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு வேண்டிய கடைசி நொதி அவற்றிடம் இல்லை, நம்மிடமும் இல்லை. எலும்பு, குருத்தெலும்பு, தோல், செவுள் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது கொலாஜன் என்ற புரதம். அந்தப் புரதம் முறுக்கேறி உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். குறைந்தால் முதுகெலும்பு வளைகிறது, செவுள் ஓரம் கோணுகிறது, வலை பட்ட காயம் ஆறாமல் நிற்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் லவல் என்ற ஆய்வாளர் 1973-இல் இதைக் கூண்டில் வளர்த்த கெளுத்தி மீன்களில் காட்டினார். கூண்டு மீனுக்குப் போடுகிற தீவனமே கதி. அதில் வைட்டமின் சி இல்லாதபோது முதுகு உடைந்தது. நம் நாட்டில் மிர்கால் குஞ்சுகளுக்கும் இளம் பருவத்தில் தீவனம் வழியாக வைட்டமின் சி வேண்டும் என்று மஹாஜனும் அகர்வாலும் 1980-இல் எழுதினார்கள். ஆறாத காயம்தான் கிருமிக்கு வாசல். தண்ணீரில் எப்போதும் இருக்கிற கிருமி ஒரு குட்டையில் நோயாவதும் இன்னொன்றில் ஆகாததும் பல காரணங்களால் நேர்வது. அவற்றில் இது நாம் கைவைத்துத் திருத்தக்கூடிய ஒன்று.

ஊர்க் குளத்தில் தாத்தா காலத்திலிருந்து மீன் வளரவில்லையா, அங்கே யார் வைட்டமின் போட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குளத்தில் தண்ணீரே போட்டது. பச்சை பிடித்த தண்ணீரில் பாசியும் நுண்ணுயிர் மிதவைகளும் இருக்கின்றன. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேய்ந்து அவற்றிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்கின்றன. திலேப்பியாவின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பி12-ஐத் தயாரித்தே கொடுத்துவிடுகின்றன. இருப்பு குறைவான மண்குட்டையில் சாணமும் தவிடும் போதுமானதாக இருந்ததன் காரணம் இதுதான். அதே குட்டையில் குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பல மடங்காக்கினால் இயற்கை உணவில் ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கிற பங்கு சுருங்குகிறது. சிமென்ட் தொட்டிக்கும் நீர்த்தேக்கக் கூண்டுக்கும் போய்விட்டால் அது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. மீனை மேய்ச்சலிலிருந்து எவ்வளவு தூரம் பிரிக்கிறோமோ அவ்வளவுக்கு மூட்டையின் பொறுப்பு கூடுகிறது.

அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது? தவிட்டில் பி வகை வைட்டமின்கள் நிறைய. வைட்டமின் ஈ-யும் உண்டு. கூடவே எண்ணெயும் அதைச் சிதைக்கும் நொதியும் இருக்கின்றன. அரைத்த நாளிலிருந்தே அந்த நொதி வேலையைத் தொடங்கிவிடும்; வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் எண்ணெய் காறும். காறும்போது அதைக் காத்து நிற்கிற வைட்டமின் ஈ செலவாகிக் கரைகிறது. காறிய எண்ணெயைத் தின்ற மீனுக்கோ அதே வைட்டமின் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இரண்டு பக்கமும் நட்டம். ஜப்பானில் கெண்டை வளர்த்தவர்கள் இதைக் கடுமையாக அனுபவித்தார்கள். பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தீவனமாகப் போட்டபோது, அதன் எண்ணெய் காறியதால் மீனின் முதுகுச் சதை வற்றிக் கத்தி முதுகாக நின்றது. செகோகே என்று பெயர் வைத்தார்கள். வைட்டமின் ஈ சேர்த்ததும் அதைத் தடுக்க முடிந்தது. நம் குட்டைகளில் தீவனம் போடுகிறவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்கத் தேவையில்லை. மூட்டை வாயை அவிழ்த்ததுமே சிக்கு வாடையை அவர்கள் மூக்கு பிடித்துவிடுகிறது. ஆய்வகம் எட்டாத இடத்தில் இந்தத் தொழிலுக்கு இருக்கிற மிகத் துல்லியமான கருவி அந்த மூக்குதான். அதன் தீர்ப்புக்குப் பண்ணையில் மதிப்பு இருக்கிறதா என்பதே என் கவலை.

கம்பெனித் தீவனத்தில் எல்லாம் கணக்காகச் சேர்த்திருக்கிறார்களே என்பது அடுத்த வாதம். உண்மைதான். பாஸ்பேட்டோடு பிணைத்த வைட்டமின் சி வந்த பிறகு தீவன ஆலையின் சூட்டில் அது அழிவது வெகுவாகக் குறைந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஆலை வாசலில் இருந்த அளவே மூன்று மாதம் தகரத்தின் கீழ் கிடந்த மூட்டையிலும் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் பல பண்ணைகளில் மேலே டானிக் கலக்கிறார்கள். தார்ப்பாயில் தீவனத்தைப் பரப்பி, வைட்டமின் பொடியைப் பைண்டர் என்ற ஒட்டுப்பசையோடு கரைத்துத் தெளித்து, பிசிறி, நிழலில் உலர்த்துகிறார்கள். பார்க்க எளிய வேலை. செய்ய அப்படி இல்லை. பைண்டர் குறைந்தால் பொடி தண்ணீரோடு போய்விடும். வெயிலில் உலர்த்தினால் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் ஒளியிலேயே சிதையும். ஒரே பக்கம் தெளித்தால் முந்திவந்த மீனுக்கே எல்லாம் போய்ச்சேரும். நிழல் தேடி, கை கொடுத்துப் பிசிறுகிறவரின் பொறுமைக்குத் தனிக் கூலி எங்கும் இல்லை.

சரி, அப்படியானால் நிறையப் போடலாமே என்றால், அங்கே சான்று தயங்குகிறது. தேவைக்குப் பல மடங்கு வைட்டமின் சி கொடுத்த கெளுத்திகள் கிருமித் தாக்குதலில் அதிகம் பிழைத்ததாக 1985-இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் சீராகத் திரும்பவில்லை. குறைவை நிரப்புவதால் நன்மை உறுதி. நிரம்பியதன் மேல் ஊற்றுவதால் உறுதி எதுவும் இல்லை. வைட்டமின் ஏ போன்ற கொழுப்பில் கரையும் வகைகள் ஈரலில் தங்கி, மிகையானால் மீனுக்கே கேடாகின்றன. விரால் வளர்ப்பில் இன்னொரு சிக்கல். பச்சையாக வெட்டிப் போடும் சில மீன்களில் தையமின் என்ற வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் பச்சைக் கெண்டையைத் தின்ற பண்ணை நரிகள் நரம்புத் தளர்ச்சியில் விழுந்தது அதனால்தான். அந்த நொதி வேகவைத்தால் அழிந்துவிடும். டானிக் பாட்டிலுக்குச் செலவிடுவதைவிட ஓர் அடுப்பும் அண்டாவும் அங்கே அதிகம் உதவும்.

வேலைக்காரர்களுக்கு அக்கறை போதவில்லை என்று முதலாளிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. மூட்டையை எங்கே வைப்பது, எத்தனை மாதத்துக்கு வாங்கிக் குவிப்பது, காறிய மூட்டையைத் திருப்பி அனுப்புவதா என்று எதையும் அவர்கள் தீர்மானிப்பதில்லை. மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கினால் ஈரம் ஏறாது. தகரத்தின் மேல் கீற்று வேய்ந்தால் சூடு தணியும். முதலில் வந்த மூட்டையை முதலில் அவிழ்த்தால் பழையது தங்காது. இவற்றின் செலவு ஒரு பருவத்து டானிக் செலவுக்குள் அடங்கிவிடும். முதலில் மாற்ற வேண்டிய இடம் குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குட்டை. அங்கே தீவனத்தைத் தூளாக்கிப் போடுகிறார்கள். தூள் சிறுக்கச் சிறுக்கத் தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் சீக்கிரம் வெளியேறுகின்றன. எலும்பு கட்டுகிற வயதும் அதுவே. காலையில் மொத்தமாகக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தூவ வேண்டும். அதற்கு ஓர் ஆள் நாள் முழுக்கக் கரையிலேயே இருக்க வேண்டும், அந்த முழு நாளுக்கும் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும்.