எட்டுப் பாகத்துக்குக் கீழே

சென்னையிலிருந்து இரவில் கிளம்பித் தூத்துக்குடிக்குப் போகும் ரயிலின் பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஊருக்குள் இறங்கினால் கடைப் பலகைகளில், லாட்ஜ் வாசல்களில் எல்லாம் முத்துதான். ஆனால் இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. அதற்குப் பிறகு குளிப்பு அறிவிக்கிற அளவுக்குக் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் சிப்பி விளையவில்லை. முத்து போனதோடு குளிக்கிற தொழிலும் போய்விட்டது என்று வெளியூர்க்காரர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகவில்லை. நகரத்தின் வடகோடியில் திரேஸ்புரத்திலிருந்து இன்றும் விடியலில் வல்லம் கிளம்புகிறது, ஆட்கள் கடலடிக்கு இறங்குகிறார்கள். அவர்கள் எடுப்பது சங்கு. பங்குனிக் கடைசியில் விடுமுறை கிடைத்தபோது, திருச்செந்தூரில் தொடங்கி வடக்கே கடலோரமாகவே வந்து அவர்களைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல் என்று போகிறது சாலை. ஆறுமுகநேரியில் கண் கூசும் உப்பளம். ஆத்தூர் வந்ததும் தாமிரபரணித் தண்ணீரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். முக்காணிப் பக்கம் உள்ளே திரும்பினால் கொற்கை. பாண்டியர் துறைமுகம் இப்போது வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பல கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிட்டது. கடல் போன திசையில் துறைமுகமும் நகர்ந்தது. கொற்கைக்கு அடுத்து மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல், அதற்கு அடுத்து தூத்துக்குடி.

1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியபோது கிடைத்த கரிக்குக் கி.மு. 785 என்று காலம் கணித்தார்கள். ஊர்ப் பெருமையாக எல்லோரும் சொல்வது அந்த எண்ணைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த மண்ணில் கிடைத்த சங்குத் துண்டுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், கொற்கையில் ரம்பத்தால் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். டாக்காவின் வளையல் பட்டறைகளில் கழித்துப் போடும் துண்டுகளில் உள்ள அதே அறுப்பு இவற்றிலும் இருந்ததை 1914-இல் வெளிவந்த தன் சங்கு நூலில் பதிவு செய்தார். சங்கை எடுத்தவரும் அதை வளையலாக அறுத்தவரும் ஒரு காலத்தில் இதே ஊர்ப்பக்கம் வாழ்ந்திருக்கிறார்கள். அறுக்கும் தொழில் இங்கிருந்து மறைந்து வங்காளத்தில் நிலைத்துவிட்டது. எடுக்கும் தொழில் இங்கேயே இருக்கிறது. வயல் வரப்பில் நின்றபடி அதை நினைத்தபோது, திரேஸ்புரத்துக்குச் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று தோன்றியது.

இந்தக் கரையின் வரலாற்றைப் படித்தால் முத்து யார் கழுத்துக்குப் போனது என்று பக்கம் பக்கமாக இருக்கும். குளித்தவர் கையில் என்ன மிஞ்சியது என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 1530-களில் இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாகக் கிறிஸ்தவம் தழுவியதற்குப் பின்னால் முத்துப் பார்களின் உரிமைச் சண்டை இருந்தது. 1542-இல் சவேரியார் வந்தது ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்த இந்த மக்களிடம்தான். 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1825-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடி எதுவானாலும் பார்களின் வருமானம் கொடிக்காரருக்குப் போனது. ஆங்கிலேயர் காலத்தில் மேலே வரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மிச்சம் ஒரு பங்கில்தான் குளியாளும், அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கும் மண்டக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். சுறா வராதபடி மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அவரையும் அரசே அமர்த்தியிருந்தது. 1905-இல் எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், ஒரே பருவத்தில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அத்தனையும் மூச்சை அடக்கி, கையால் பொறுக்கிக் கூடையில் போட்டது.

திரேஸ்புரம் டீக்கடையில் விடிவதற்கு முன்னாலேயே கூட்டம். வல்லத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் என்னைக் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். "கடல்ல வாந்தி வந்தா வரட்டும், பயப்படாதீங்க. ஆனா குளியாளு எறங்கும்போது பேச்சுக் குடுக்கப்படாது" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. வல்லத்தில் பரதவரும் முஸ்லிம்களுமாகக் குளியாட்கள் இருந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

துறைமுகத்தின் கிரேன்கள் தெற்கே தெரிய, வான்தீவை ஒதுக்கிவிட்டு வல்லம் போனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கிட்டே போகக் கூடாது. இந்தத் தீவுக் கூட்டத்தில் விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாரை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போய், தீவே கரைந்துவிட்டது. வான்தீவும் அப்படித் தேய்ந்து வந்ததால் அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பார் இறக்கியிருக்கிறார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கம் கையைக் காட்டி, "எங்கப்பா காலத்துல அது பெரிய தீவு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நெடுநேரம் ஓடியபின் இன்ஜினை நிறுத்தினார்கள். ஜிபிஎஸ் கருவி இருந்தாலும் சம்மாட்டி கயிற்றில் கட்டிய ஈயக்கட்டியை இறக்கிப் பார்த்தார். எட்டுப் பாகம். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. ஈயத்தின் அடியில் ஒட்டிவந்த மணலை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாறை கிடந்தால் சிப்பிக்கு ஆகும், சங்குக்கு மணல் வேண்டும். மணலுக்குள் இருக்கும் புழுக்கள்தான் அதன் இரை. காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்தது. வாடைக்காற்று போய்க் கச்சான் காற்று வருவதற்கு இடைப்பட்ட இந்த நாட்களில்தான் அடிமணல் வரை பார்வை போகும் என்றார்கள். அந்தக் காலத்து முத்துக்குளிப்புகளும் பெரும்பாலும் பங்குனி, சித்திரையை ஒட்டியே நடந்தன.

வேலை எப்படி நடக்கிறது என்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கண்ணும் அறிவும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. நாம் பூஜையறையில் பார்க்கிற வெள்ளைச் சங்கு கடலடியில் வெள்ளையாக இருக்காது. உயிருள்ள சங்கின் மேல் பழுப்புத் தோல் மூடியிருக்கும், அதன் மேல் பாசி. பாதி உடம்பு மணலில் புதைந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அது போன தடத்தைத்தான் தேட வேண்டும். மணலைக் கீறிக்கொண்டு நகரும்போது பின்னால் ஒரு வரப்பு விழுகிறது. "வரப்புக் கரை நிமிந்து நின்னா புதுத் தடம். சரிஞ்சு கெடந்தா சங்கு போயி நேரமாச்சு. எந்தப் பக்கம் போயிருக்குன்னு தெரியாம எதிர்ப்பக்கம் நீந்துனா மூச்சு வீணு" என்றார் அண்ணாச்சி. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை இறங்கிய உடனே உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும். போகும்போது நீவாட்டை எதிர்த்துப் போய்த் திரும்பும்போது அதோடு வர வேண்டும், மாற்றிச் செய்தால் மேலே வரும்போது வல்லம் எங்கோ இருக்கும். முட்டையிடும் காலமாக இருந்தால் ஆட்டுக்கொம்பு போல முறுக்கிக்கொண்டு சங்குப்பூ நிற்கும். அதைக் கண்டால் பக்கத்தில் தாய்ச்சங்கு உண்டு. அதை எடுக்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அண்ணாச்சி மூச்சடக்கியே குளிக்கிறவர். முகக்கண்ணாடி, காலுக்குத் துடுப்பு, இடுப்பில் வலைப்பை. பழைய முத்துக் குளியாட்கள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள், மேலே மண்டக்கு இழுத்துக்கொள்வார். இப்போது கல்லும் இல்லை, மண்டக்கும் இல்லை. தலைகீழாக மடங்கி உள்ளே போனவர், ஒரு நிமிடத்தை ஒட்டித் திரும்பினார். பை காலி. இரண்டாவது முறை ஒன்று, மூன்றாவது முறை இரண்டு. கொண்டுவந்த சங்கை வல்லத்தில் வைத்துவிட்டு விளிம்பைப் பிடித்தபடி மூச்சு வாங்கும்போது அவருடைய கண் என்னைப் பார்க்கவில்லை, அடுத்து இறங்கப்போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரைப் பேசவைக்க அந்த நேரத்தில் எனக்கும் மனம் வரவில்லை.

இளையவர்கள் கம்ப்ரஸர் பிடிக்கிறார்கள். வல்லத்தில் ஓடும் இயந்திரம் காற்றை நீளமான குழாயில் அனுப்ப, அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழேயே நெடுநேரம் தடம் பார்க்கிறார்கள். சங்கு கூடுதலாகக் கிடைக்கும், ஆபத்தும் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே போகும். படிப்படியாக நின்று மேலே வந்தால் அது மெல்ல வெளியேறும். அவசரமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் சிக்கும். கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் ஆனவர்களைப் பற்றி வல்லத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. இயந்திரத்தின் புகை காற்றுக் குழாய்க்குள் இழுபட்டால் கீழே இருப்பவர் மயங்குவார், மேலே இருப்பவருக்குத் தெரியாது. குழாயைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் புரிந்துகொண்டேன். இவர்கள் யாரும் இதைப் பள்ளி வைத்துக் கற்கவில்லை. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம், எங்கே நின்று ஏறுவது என்ற அட்டவணையைக் கடற்படை முக்குளிப்போர் கையில் கொடுக்கிற நாடு, சங்கு குளிக்கிறவருக்கும் அதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

கரைக்கு வந்ததும் அளவு பார்த்தார்கள். நீண்ட காலம் சங்கு அரசின் ஏகபோகமாக இருந்தபோது, வளையத்துக்குள் விட்டு அளப்பார்கள். குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதைத் திருப்பிக் கடலில் விட வேண்டும். அந்த வளையத்தைப் பற்றிக் குளியாட்கள் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள். அவர்களுடைய கோபம் இழுவை மடி மேல்தான். அது அடிமணலை வாரிக்கொண்டு போகும்போது குஞ்சுச் சங்கும் சேர்ந்து வந்து மேலேயே சாகிறது. இந்தக் கோபம் நியாயமானது. கையால் எடுப்பவருக்கு எதை விடுவது என்று தெரிகிறது, வலைக்குத் தெரியாது.

சதையைக் கழித்த சங்கு கிட்டங்கிக்குப் போகிறது. அங்கிருந்து மூட்டையாகக் கொல்கத்தா. வங்காளத்தில் கலியாணமான பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையல் இருக்க வேண்டும். அந்த வழக்கம்தான் நூற்றாண்டுகளாகத் திரேஸ்புரத்து அடுப்புகளை எரியவைக்கிறது. டாக்காவில் சங்கறுப்பவர்கள் பெயரிலேயே ஷாங்காரி பஜார் என்று ஒரு தெரு உண்டு. நம் ஊர்க்காரர்களோ சங்கு என்றதும் வலம்புரி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். இயற்கையில் மிக மிக அரிதாகத்தான் சங்கு அந்தப் பக்கம் சுழிகிறது. கடைகளில் வலம்புரி என்று விற்பவற்றில் நிறைய அமெரிக்கக் கரையோரத்தில் கிடைக்கும் வேறொரு இனம். அந்த இனத்துக்கு அப்படிச் சுழிவதே இயல்பு. நம் சங்கின் வாய்க்குள் விரலை விட்டால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தட்டுப்படும், அதில் இருக்காது. ஒரு வலம்புரி கிடைத்து வாழ்க்கை மாறிவிடும் என்ற நம்பிக்கையில் இவர்கள் குளிக்கவில்லை. அன்றன்றைக்குக் கிடைக்கும் சாதாரணச் சங்கின் எண்ணிக்கையில்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது.

முத்து திரும்பி வருமா என்று கேட்டேன். 1973-இல் வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் நாட்டிலேயே முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். சிப்பி இங்கே வாழும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அண்ணாச்சி சிரித்தார். "பார்ல அங்கங்க சிப்பி ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கு தம்பி. நாங்க பாக்கத்தான செய்தோம். குளிப்பு வைக்கிற அளவு இல்ல." கடலடியின் நிலவரம் கரையில் வேறு யாருக்கும் இத்தனை நாள்தோறும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பார் ஆய்வுக்குப் போகிறவர்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இவர்களோடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கச்சான் தொடங்கிக் கடல் கலங்கிவிட்டால் சங்குக் குளிப்பு நின்றுவிடும். அந்த மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு இளையவர் ஒருவர், மூட்டை தூக்கவும் உப்பளத்துக்கும் போவோம் என்றார். "ஆனா குளிப்பு வேலை வருசம் பூராவும் வரும் சார். நங்கூரம் அறுந்து விழும், படகுக் காத்தாடில வலை சுத்திக்கிடும். யாரு எறங்குவா?" அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சியின் கைபேசி அடித்தது. விசைப்படகு ஒன்றின் காத்தாடியில் கயிறு சிக்கி, நடுவழியில் நிற்கிறதாம். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார், அவர்கள் சொன்ன தொகை போதாது என்றார், இன்னொரு தொகையில் பேச்சு முடிந்தது. முகக்கண்ணாடியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, "வாரேன் தம்பி, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிப்போக வந்த பைக்கில் ஏறிக்கொண்டார்.