அச்சும் குட்டானும்

பண்டத்துக்கு உருவம் கொடுக்கும் கருவிக்கு விலை உண்டு. அக்கருவியைத் தன் கையால் முடைந்து கொடுப்பவளின் உழைப்புக்கு விலை உண்டா? பழைய சொக்லேட் அச்சுகளை வாங்கச் சென்றபோது எழுந்த கேள்வி இது.

எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் பனங்கட்டியும் கொக்கோவும் சேர்த்து இனிப்புச் செய்து விற்க முற்பட்டனர். புதிய அச்சு வாங்க வசதியில்லை. யாழ்ப்பாண நகரில் கடையை மூடிவிட்ட ஒருவரிடம் பன்னிரண்டு அச்சுகள் இருப்பதாக அறிந்து அவர்களுடன் சென்றேன். கண்ணாடிபோன்ற தடித்த பிளாஸ்ரிக் அச்சுகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். குழியில் கீறல் இருந்தால் சொக்லேட் ஒட்டிக்கொள்ளும், மினுக்கமும் கெடும். கறுத்த சொக்லேட்டைப் பதமாக ஆற்றி, ஏறக்குறைய 31, 32 பாகை செல்சியசில் வார்த்தால், இறுகும்போது சுருங்கித் தானாகவே அச்சைவிட்டுக் கழன்றுவிடும். நல்ல அச்சு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆகவேதான் அது பழையதாகியும் கைமாறுகிறது, பேரம் பேசப்படுகிறது. கீறல் விழுந்த மூன்றை ஒதுக்கி, ஒன்பதை வாங்கினோம்.

பனங்கட்டிக்கும் ஓர் அச்சு உண்டு. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் பனையோலைக் குட்டானில் வார்ப்பார்கள். பழைய குட்டானை விற்பவருமில்லை, வாங்குபவருமில்லை. கட்டிதோறும் புதுக் குட்டான் முடையவேண்டும். வாங்கியவர் ஓலையைப் பிரித்து எறிந்துவிடுகிறார். முடைந்தவளின் பொழுதும் அதனோடு போய்விடுகிறது. பிளாஸ்ரிக் அச்சு முதலீடு, கணக்கில் ஏறுகிறது. ஓலைக் குட்டான் உழைப்பு. பனங்கட்டியின் விலைக்குள் மறைந்துவிடுகிறது.

மரமேறுபவரின் கதையும் இதுதான். அவர் இறக்கிய கருப்பநீரைச் சுவைத்த சமூகம், அவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டி வந்ததே! 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. மரத்துக்கு ஒரு சபை வந்தது நன்றே. மரமேறும் மனிதனின் மதிப்பு அதனால் மட்டும் உயர்ந்துவிடுமா?

கடல் கடந்தும் நியதி வேறல்ல. உலகின் கொக்கோவில் பெரும்பகுதி ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. 2024 இல் உலகச் சந்தையில் கொக்கோ விலை தொன்னுக்கு 10,000 டொலரைத் தாண்டியது. ஆயின் அந்நாடுகளில் விவசாயி பெறும் விலையை அரசே முன்கூட்டி நிர்ணயிப்பதால், அந்த ஏற்றம் அவ்வளவும் அவன் கைக்கு வரவில்லை.

ஆகவே, விலை குறிக்க உட்கார்ந்த அன்று பெண்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். அச்சுக்கு ஒரு வரி எழுதினீர்கள். அதன் கீழே குட்டான் முடைந்தவளுக்கு ஒரு வரி, மரமேறியவருக்கு ஒரு வரி எழுதுங்கள். இனிப்பின் விலை சில ரூபாய் கூடிற்று. அந்தச் சில ரூபாய் புதிய செலவன்று. இதுவரை கொடுபடாதிருந்த கூலி.