திருமுல்லைவாயலில் ஒரு கடல்!

சென்னையில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும் என்பது எல்.கே.ஜி. வாண்டுக்குக்கூடத் தெரியும். சுண்டல் வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும், கடல் தானாக வந்து காலை நனைக்கும். நானோ மேற்கே கிளம்பினேன். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷனில் ஆவடி லோக்கல் பிடித்து, திருமுல்லைவாயலில் கடல் பார்க்க!

'பாவம், வெயில் தலைக்கேறிவிட்டது' என்று பரிதாபப்படாதீர்கள். திருமுல்லைவாயலில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் கடல் இருக்கிறது. நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை அடி. அந்தக் கடலில் மீன் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் வளர்ந்து ஆளாகியிருக்கின்றன என்றார்கள். வாஸ்கோடகாமாவாக இருந்தால்கூட கப்பலை விட்டு இறங்கி லோக்கல் ரயில் ஏறியிருப்பார். நான் எம்மாத்திரம்?

ரயில் கிளம்புகிற இடமே மீனோடு சம்பந்தப்பட்ட இடம்தான். 1985-ல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட்டில், பழைய புத்தகக் கடைகளுக்குப் பக்கத்திலேயே கிளி, லவ் பேர்ட்ஸ், மீன் எல்லாம் விற்றார்கள். கடல் மீனைத் தொட்டியில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் மெரினாவுக்குப் போனார்கள். அங்கே 1909-லேயே அக்வேரியம் வந்துவிட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல். கடல் மீனுக்குக் கடலோரத்தில் வீடு... நியாயமான ஏற்பாடு! ஏரிகள் மட்டுமே உள்ள மேற்குப் புறநகரில் கடல் மீனுக்குப் பிரசவம் பார்ப்பதுதான் வேடிக்கை.

கொளத்தூரில் ஒரு ஸ்டாப்

வழியில் வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வண்ண மீன் என்று பேச்செடுத்துவிட்டுக் கொளத்தூரில் தலை காட்டாமல் போனால் சாமி குத்தமாகிவிடும். தெருவுக்குத் தெரு மீன் கடை. பாலிதீன் பையில் கப்பி, மோலி. ஆளுக்கொரு பாட்டிலில் தனிக்குடித்தனம் நடத்தும் ஃபைட்டர். (சேர்த்து வைத்தால் சண்டை, நம் வீட்டு ஓரகத்திகள் கதைதான்.) இங்கிருந்து செங்குன்றம், பொன்னேரி வரைக்கும் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற குடும்பங்கள் எத்தனையோ.

ஒரு கடையில் மெதுவாக, "கடல் மீன் குஞ்சு பொரிக்க வெச்சு வளக்கறீங்களா?" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடல் மீனு வோணுமா, கீது. குஞ்சு பொரிக்க வெச்சு காப்பாத்தறதா? அது பேஜாரு சார். கப்பின்னா நைட்டு குட்டி போடும், காலைல தீனி போட்டா தின்னும். இது அப்படி இல்ல. கண்ணுக்கே தெரியாத வாயி!"

கண்ணுக்குத் தெரியாத வாய். விஷயத்தின் முடிச்சே அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுபடி ரயில்.

கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர்... ஐம்பத்தோராவது சக்தி பீடம் இருக்கும் ஊர் என்பதால் 'ஐம்பத்தொன்றாம் ஊர்', அதுதான் அம்பத்தூர் ஆனது என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். 1964-ல் தொழிற்பேட்டை வந்தபின் ஊருக்கு லேத் சத்தமே தாலாட்டு. இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஆவடி. அங்கே 'டாங்க்' என்று சொல்லும்போது ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். மீன் தொட்டியா, மொட்டை மாடித் தொட்டியா என்று யாரும் கேட்க மாட்டார்கள், பீரங்கி வண்டிதான்! 1965 கடைசியில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா உருண்டு வந்ததிலிருந்து அப்படி.

நம் நண்பரும் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். "முப்பது வருஷம் டாங்க் செஞ்சேன் சார். ரிட்டயரானப்புறம் டாங்க் கழுவறேன்" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

உப்புப் போட்டால் கடலாகுமா?

அவர் வீட்டிலிருந்து ரோடு வழியாக மெரினா இருபது கிலோமீட்டர் சொச்சம். குடம் குடமாகக் கடல் தண்ணீர் கொண்டுவர முடியுமா? போர் தண்ணீரோ, சோப்பு நுரைக்காத ஜாதி. அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் அக்வேரியத்துக்கென்றே விற்கிற உப்பைக் கலக்கிறார். லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

"நம்ம வீட்டு உப்பையே போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அது ரசம் சார், கடல் இல்ல!"

கடல் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு மட்டுமா இருக்கிறது? மெக்னீஷியம், கால்சியம், பொட்டாசியம் என்று ஒரு பலசரக்குக் கடையே கரைந்திருக்கிறது. அதெல்லாம் கணக்காகச் சேர வேண்டும். கலந்தவுடன் மீனை விட்டுவிடவும் முடியாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகத் தொல்லை தராத நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

"ஒரு மாசம் வெறும் தண்ணியவே உத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாருண்ணே. மந்திரிச்சு விடலாமான்னுகூட நெனச்சேன்" என்றார் நண்பரின் மனைவி, காபி டம்ளரை நீட்டியபடி.

தொட்டியில் இருந்தது ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. 2003-ல் 'ஃபைண்டிங் நெமோ' படம் வந்ததிலிருந்து குழந்தைகளுக்கு இது 'நெமோ'. கடலில் கடல் சாமந்தியின் கொட்டும் இழைகளுக்குள் பத்திரமாகக் குடியிருக்கும். ஜோடியில் பெரியது அம்மா, சின்னது அப்பா. இந்த மீன்களெல்லாம் முதலில் ஆணாகத்தான் வளருமாம். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாகும். அம்மா செத்துப்போனால் அப்பா அம்மாவாகிவிடுவார்! அந்தக் கணக்குப்படி பார்த்தால் படத்தில் மகனைத் தேடிப்போன அப்பா, கிளைமாக்ஸுக்குள் அம்மாவாகியிருக்க வேண்டும்.

"வீட்ல பெரியவங்க பொம்பளைதான்னு மீனுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார் அந்தம்மா. நண்பர் தொட்டியைத் துடைப்பதில் மும்முரமானார்.

இருட்டில் ஒரு பிரசவம்

உடைந்த மண்சட்டி ஓட்டை உள்ளே வைத்திருக்கிறார். அதன் மேல்தான் முட்டை. ஒரு ஈட்டுக்குச் சில நூறு. அம்மா முட்டையிட்டதோடு சரி. அப்பாதான் பக்கத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டு, கெட்ட முட்டையை வாயால் பொறுக்கி அப்புறப்படுத்திக்கொண்டு, ராப்பகலாகக் காவல். முதலில் ஆரஞ்சாக இருக்கிற முட்டைக்குள் நாள் ஆக ஆக வெள்ளிப்பொட்டு மாதிரி கண்கள் தெரியும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஏழெட்டு நாளில், பொழுது சாய்ந்து இருட்டியதும் பொரிக்கும். வெளிச்சம் இருந்தால் நடக்காது.

நான் போனது எட்டாம் நாள். ஏழு மணிக்கு வீடு முழுக்க லைட்டை அணைத்தார். எதிர்வீட்டுக்காரர் "உங்க சைடுல கரண்ட் போயிடுச்சா சார்?" என்று குரல் கொடுத்தார். "இல்ல சார், டெலிவரி" என்று பதில் போயிற்று. எதிர்வீடு அப்புறம் பேசவில்லை.

எட்டு மணி சுமாருக்கு ஒரு மூலையில் டார்ச் அடித்தார். வெளிச்சத்தைத் தேடிக் கூட்டமாக வந்தன... மூன்று, நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணாடித் துரும்புக்கு இரண்டு கண் வைத்த மாதிரி. பெரிய மீன்கள் பலகாரமாக நினைப்பதற்குள் டம்ளரால் மொண்டு, கறுப்புத் தாள் ஒட்டிய வேறு தொட்டிக்கு மாற்றினார். கறுப்புப் பின்னணி இருந்தால்தான் குஞ்சுக்குத் தன் சாப்பாடு கண்ணில் படுமாம்.

சாப்பாடு! கொளத்தூர்க்காரர் சொன்ன கண்ணுக்குத் தெரியாத வாய் இதுதான். இந்த வாய்க்குள் பொடி, மாவு எதுவும் போகாது. உயிரோடு நெளிகிற தீனிதான் வேண்டும். அதற்கு ரோட்டிஃபர் என்று ஒரு ஜீவன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் இருக்கும். அந்த ரோட்டிஃபருக்கும் பசிக்குமே? அதற்குப் பச்சைத் தண்ணீர், அதாவது கண்ணுக்குத் தெரியாத கடல் பாசி. ஜன்னலில் வரிசையாகப் பச்சை பாட்டில், அதற்குக் கீழே ரோட்டிஃபர் பக்கெட், அப்புறம்தான் குஞ்சு. பாசி ஒருநாள் வெளிறிவிட்டால் ரோட்டிஃபர் பட்டினி. ரோட்டிஃபர் பட்டினி என்றால் குஞ்சுகள் அவ்வளவுதான்.

"பிள்ளைக்குச் சமைக்கலாம்ணே. இங்க பிள்ளையோட சாப்பாட்டுக்கே சாப்பாடு ஆக்கணும்!"

நண்பருக்கு முதல் மூன்று ஈடும் நாலாம் நாளைத் தாண்டவில்லை. நாலாவது ஈட்டில் பதினோரு குஞ்சு பிழைத்தது. பத்து நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் உடம்பு நிறம் பிடித்து, முதல் வெள்ளைப் பட்டை விழும். நம் குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்வோமே, அந்த மாதிரி சந்தர்ப்பம் அது. அதற்குப் பிறகு ஆர்ட்டீமியா. வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் சாகாத முட்டை. உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு நாளில் பொரித்துத் துள்ளும்.

இதெல்லாம் எதற்கு?

எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. கொளத்தூரில் விற்கும் நன்னீர் மீன்கள் பெரும்பாலும் தொட்டியில் பிறந்தவை. கடல் மீன்கள் அப்படியில்லை. உலகம் முழுக்கவே கண்ணாடித் தொட்டிக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பகுதி பவளப்பாறையிலிருந்து நேராகப் பிடித்துவந்தவைதான். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-ல் கடல் குதிரைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்புக் கொடுத்தார்கள். ஆனால் ஆசைக்குச் சட்டம் போட முடியுமா? ஆசைப்பட்டவனுக்கு வளர்த்துக் கொடுப்பதுதான் ஒரே வழி.

அந்த வழியைப் போட்டவர்கள் நம் ஊர் ஆராய்ச்சிக்காரர்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தது. அது சாப்பாட்டு மீன். அழகு மீன் பக்கம், மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தன. பரங்கிப்பேட்டைக்காரர்கள் வெள்ளாற்றுக் கழிமுகத் தண்ணீரிலேயே செய்து காட்டினார்கள். நடுக்கடல் தண்ணீர் இல்லாமலே முடியும் என்றால் திருமுல்லைவாயல் மட்டும் என்ன பாவம் செய்தது?

மக் வைத்தியம்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். தொட்டியில் ஐம்பது நாள் வயசில் 43 குஞ்சுகள். காலையில் கரண்ட் போனது. சாயங்காலம் இன்வெர்ட்டர் கண்ணை மூடியது. ராத்திரி பேட்டரி பம்பும் நின்றது. காற்றுக்குமிழ் இல்லாத தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டும். அம்மோனியாவை அடக்குகிற பாக்டீரியாவும் சாகும்.

"வீட்டுக்கு வெளிய ஏரி, உள்ள கடல். ரெண்டுத்துக்கும் நடுவுல நாங்க ரெண்டு பேர்" என்றார் நண்பர்.

பிளாஸ்டிக் மக்கை எடுத்தார்கள். மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது. விழுகிற வேகத்தில் தண்ணீரில் காற்று கலக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரை மணிக்கு ஒருவர், முறை வைத்து. இரண்டாம் நாள் விடியற்காலை நண்பர் சோபாவிலேயே சாய்ந்துவிட்டார். அந்தம்மா எழுப்பவில்லை.

"தூங்கட்டும்னு விட்டுட்டேண்ணே. என் கை நிக்கவே இல்ல. நிறுத்தினா அதுங்களுக்கு மூச்சு நிக்குமேன்னு பயம். பிள்ளைங்க சின்னதுல ஜுரம்னா முழிச்சிருப்போமே, அப்படித்தான்."

கரண்ட் வந்தபோது எண்ணினார்கள். 38. போன அஞ்சையும் அந்தம்மாதான் செம்பருத்திச் செடியடியில் புதைத்தார்.

மூன்று மாதம் கழித்து, கொளத்தூரிலிருந்து ஒரு வியாபாரி பையும் கையுமாக வந்தார். கடலில் பிடித்த மீன் புதுத் தொட்டியில் தீனி தின்னப் பழகுவதற்குள் பாதி போய்விடும். வீட்டில் பிறந்தது முதல் நாளே தின்னும் என்பதால் அவருக்கும் சந்தோஷம். அந்தம்மா விடவில்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்து, விசாரணையைத் தொடங்கினார். தொட்டி எத்தனை அடி? தண்ணீர் வைத்து எத்தனை வாரம்? கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? கூட யார் யார் இருக்கிறார்கள்? பெரிய மீன் ஏதாவது முரடா?

"அம்மா, நான் மீன் வாங்க வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?" என்றாராம் அவர்.

முப்பதைக் கொடுத்தார்கள். மிச்சம் எட்டை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"சம்பந்தம் சரியா அமையலண்ணே" என்றார் அந்தம்மா.