மண்டோர் இல்லாத மரங்கள்

நிலாக்காலத்தில் பெரியப்பா எங்களைக் கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிப்போகவே மாட்டார். "வெளிச்சத்துல எதப் பாக்குறது?" என்பார். மலேசியாவின் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக, இருந்தவர். விடியலில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது பெயர்ப்பதிவு வரிசைக்கு, நிறுத்தியே தடித்துப்போன குரல். சம்பானில் ஏறியதும் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது. துடுப்பு போடும் மலாய்க்காரரிடம் "பாக் சிக், பெலான் பெலான்" என்று கிட்டத்தட்டக் கெஞ்சுவார்.

சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்கள். இலைகளில் உட்கார்ந்திருக்கும் ஆண் மின்மினிகள் நொடிக்கு ஏறத்தாழ 3 தடவை மின்னும். மரம் முழுக்க ஒரே சமயத்தில் எரியும், ஒரே சமயத்தில் அணையும். உள்ளே ஒரு ராஜாப்பூச்சி இருக்கிறது என்பது பெரியப்பாவின் கட்சி. "ஒருத்தன் குரல் குடுக்காம இத்தனை பேரு எப்படிடா ஒண்ணா வேலைக்கு எறங்குவான்?" மண்டோர் வேறென்ன நினைப்பார்.

அவரை நக்கலடிக்க எனக்கு மனசு வராது. படித்தவர்கள் அவரைவிட மோசம். சயாமின் (இன்றைய தாய்லாந்து) ஆற்றங்கரையில் இதே காட்சியை 1690இல் பார்த்த ஜெர்மானிய மருத்துவர் கெம்ப்ஃபர் எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். அப்படியும் 1917இல் ஃபிலிப் லாரன்ட் என்பவர் 'சயன்ஸ்' இதழுக்கு எழுதினார்: பூச்சிகள் சேர்ந்து மின்னுவதாகத் தெரிந்ததற்குத் தம் கண்ணிமை துடித்ததுதான் காரணம், பூச்சிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூச்சியை நம்புவதைவிடத் தன் கண்ணைச் சந்தேகிப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பாங்காக்கில் இருந்த ஹியூ ஸ்மித் 1935இல் அதே இதழில், மரம் மரமாகப் பார்த்ததை எழுதினார்.

எனக்குப் பிடித்தது உயிரியலாளர் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியின் கதை. 1960களில் தாய்லாந்துக்குப் போனவர்கள், ஆற்றோர மரங்களில் பிடித்த மின்மினிகளைப் பாங்காக் விடுதி அறைக்கே கொண்டுவந்து, விளக்கை அணைத்து, பறக்கவிட்டார்கள். விடுதிக்காரர் என்ன சொன்னாரோ! முதலில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மின்னியது. சுவர்களில் போய் உட்கார்ந்த பிறகு பக்கத்துப் பக்கத்து இரண்டு ஒத்துப்போயின. பிறகு மூன்று. அப்படியே பத்துப் பன்னிரண்டு. தலைவன் இருந்தால் எல்லாம் ஒரே வீச்சில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. அண்டை வீட்டிலிருந்து அண்டை வீட்டுக்குப் பரவியது.

ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் சொந்தத் தாளம் ஒன்று ஓடுகிறது. பக்கத்தில் ஒளி தெரிந்தால் அந்தத் தாளம் கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். பார்த்த மாத்திரத்தில் பதிலுக்கு எரிவதில்லை. அப்படிச் செய்தால் எப்போதும் ஒரு கணம் தாமதமாகத்தான் வரும். பார்த்ததை வைத்து அடுத்த மின்னலைத் திருத்திக்கொள்கிறது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "தப்பா அடிக்கிறவனை யாரு திருத்துறது?" என்றார். பக்கத்தில் இருப்பவன் என்றேன். "நம்ம தோட்டத்துல பக்கத்துல இருக்குறவனத்தான் முதல்ல திருத்தணும்."

தலைவன் தேவையில்லை என்பதை 1990இல் கணிதவியலாளர்கள் மிரொல்லோவும் ஸ்ட்ரோகாட்ஸும் கணக்கில் நிறுவினார்கள். ஒவ்வொன்றும் மற்றதைச் சற்றுத் தள்ளிவிடும் தாளக்கருவிகள் எங்கிருந்து தொடங்கினாலும், ஏறக்குறைய எப்போதும், கடைசியில் ஒன்றுசேரும். அவர்கள் எடுத்துக்கொண்ட கணித மாதிரி மின்மினிக்காக உருவானதல்ல. 1975இல் சார்லஸ் பெஸ்கின் இதயத்துக்காக எழுதியது. நெஞ்சுக்குள்ளும் ஏறத்தாழ 10,000 செல்கள், யாரும் சொல்லாமல், ஒத்துத் துடிக்கின்றன.

பெரியப்பாவுக்கு அந்தச் செல்கள் தடுமாறத் தொடங்கியது எழுபதைத் தாண்டிய பிறகு. பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நெஞ்சைத் தட்டிக் காட்டினார்: "பாத்தியா, கடைசியில மண்டோரு போட்டுத்தான் ஓட்டுறானுங்க."

அதற்குப் பிறகும் ஒரு தடவை அவரோடு ஆற்றுக்குப் போனேன். மரத்தில் மின்னும் வாழ்வு சில வாரங்கள்தான். அதற்கு முன் மாதக்கணக்கில் இந்தப் பூச்சி புழுவாகக் கரைச் சேற்றில் நத்தை தின்று கிடக்கும். கரை போனால் மரம் நின்றும் பயனில்லை. செம்பனை ஆற்று விளிம்புவரை இறங்கியிருக்கும் இடங்களைப் படகுக்காரர் துடுப்பால் காட்டினார். அப்படிப்பட்ட கரையொன்றைச் சுத்தம் செய்யக் கும்பலை இறக்கியவர் பெரியப்பாதான் என்று அண்ணன் சொல்லியிருந்தான். நான் வாயெடுத்தேன். அவர் பாக் சிக்கிடம் மீன் விலை கேட்கத் தொடங்கிவிட்டார்.