தண்ணி விட்ட நாள்

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வெயில். முந்தின நாள் பனியன் கம்பெனிகளில் சம்பளம் போட்டாகிவிட்டது. அனுப்பர்பாளையத்துக் கலர் மீன் கடையில் நிற்க இடமில்லை. கொளத்தூரிலிருந்து வந்த மீன் பைகள் தொட்டிகளில் அப்படியே மிதக்கின்றன. பையன்கள் கண்ணாடியைத் தட்டுகிறார்கள். தட்டாதே என்று சொல்லிச் சொல்லி, கடைக்காரர் இப்போது சொல்வதையே விட்டுவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண்மணி வருகிறார். செக்கிங்கில் வேலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. துணியில் ஓட்டை, கறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று கைப்பை வாரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து நீட்டுகிறார். உள்ளே ஒரு கோல்டு ஃபிஷ். செத்தது.

"இதோட மூணாச்சுங்ணா. மேல ஒரு புள்ளி இல்ல, வாலு அழுவல, செதிலும் தூக்கல. நல்லாப் பாத்துட்டேன்."

பார்த்திருப்பார். நாளெல்லாம் பனியனில் குறை தேடுகிற கண். வெள்ளைப்புள்ளி நோய் என்றால் ரவை தூவினது போல உடம்பெங்கும் தெரியும். நீர் கோத்த வயிறு என்றால் செதில்கள் நிமிர்ந்து நிற்கும். தெரிந்த நோய்களை அவரே தள்ளிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

கடைக்காரர் நகத்தால் செவுள் மூடியைத் தூக்குகிறார். வெளிறிக் கிடக்கிறது. நைட்ரைட் ஏறியிருந்தால் பழுப்படித்திருக்கும். அம்மோனியா என்றால் சிவந்திருக்கும்.

"எப்பங்க செத்துது?"

"காத்தால எந்திரிச்சுப் பாத்தா மெதக்குதுங்ணா."

"அப்ப இத நம்ப முடியாதுங்கக்கா. செத்து நேரமானா எந்தச் செவுளும் வெளுத்துரும்."

கையில் கிடைத்த சாட்சியைத் தானே தள்ளுபடி செய்கிற வைத்தியர் எத்தனை பேர்?

விசாரணை தொடர்கிறது. தீனி? கொஞ்சமாகத்தான். தண்ணி செம்புக் குடத்தில் பிடிக்கறீங்களா? பாத்திரத் தொழில் நடக்கும் அனுப்பர்பாளையத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். செம்பு மீனுக்கு விஷம். "பிளாஸ்டிக் கொடந்தானுங்க." பாட்டிலில் கொண்டுவந்த தொட்டித் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவைக் கடைக்காரர் முக்குகிறார். நூற்றுச் சொச்சம். போர் தண்ணீர் இல்லை.

இந்த ஊரில் மீன் செத்தால் முதல் சந்தேகம் போர் தண்ணீர்மேல்தான் விழும். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது இந்த ஊர்ச் சாயக்கழிவு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நிலத்தில் இறங்கின உப்பு தீர்ப்பைக் கேட்டு ஏறி வரவில்லை. ஆனால் இந்த வழக்கில் போர் தண்ணீர் நிரபராதி.

"மொத மீனு என்னைக்கிங்க செத்துது?"

"போன ஞாயித்துக்கெழம. அடுத்தது வியாழக்கெழம. இது இன்னைக்கு."

"உங்க லைன்ல தண்ணி என்னைக்கு விட்டாங்க?"

அந்த அம்மாள் விரல் மடக்குகிறார். "நேத்து ராத்திரி... அதுக்கு முன்ன புதன் ராத்திரி..." விரல் பாதியில் நிற்கிறது.

"ட்யூப்ப நேராத் தொட்டிக்கே விட்டுட்டீங்களா?"

"புடிச்சு வெக்க எடமில்லீங்ணா. வந்த தண்ணில மொதல்ல மீனுக்குத்தான்."

குளோரின். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் வயிற்றைக் காக்கிற அந்த அளவே மீனின் செவுளை அரித்துவிடும்.

அந்த அம்மாள் அலமாரியைக் காட்டுகிறார். "அந்த நீல மருந்து குடுங்ணா." கடைக்காரர் எடுக்கவில்லை. அது மெத்திலீன் புளூ. 1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிச் காரோ துணிச்சாயமாகத் தயாரித்தது. பக்கத்தில் நிற்கிற மாலகைட் கிரீனும் சாயம்தான். இவை பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் உதவும், குளோரினுக்கு உதவாது.

கடைக்காரர் கண்ணாடிக் கல் போன்ற படிகங்களைச் சின்னக் கவரில் கட்டித் தருகிறார். பக்கத்தில் நின்ற சலவைப்பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "இது எங்க ஹைப்போவாச்சுங்களே!" என்கிறார். அதேதான். சோடியம் தயோசல்பேட். குளோரின் போட்டு வெளுத்த துணியில் மிச்சம் நின்றால் நூல் நைந்துபோகும் என்று பட்டறையில் போடுவது.

"இதையும் போடுங்க, முடிஞ்சா ஒரு நாள் பக்கெட்ல புடிச்சும் வெய்யுங்க. ஒரே தடவைல கால்வாசிக்கு மேல மாத்தாதீங்க." அந்த அம்மாள் புது மீன் கேட்கிறார். கடைக்காரர் தரவில்லை. "அடுத்த வாரம் வாங்கக்கா."

வீட்டில் மீன் வளர்க்கிறவர்கள் மருந்து வாங்கக் கிளம்பும் முன், குழாயில் தண்ணி வருகிற நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மீன் செத்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.