சேக்காட்டு மார்கழி

தூது போவது சாதாரண வேலை இல்லை, சார். அனுமாருக்காவது வாலில் தீ வைத்தார்கள். எனக்கு வாயிலேயே வைத்தார்கள், ஆவி பறக்கிற பில்டர் காபி ரூபத்தில்!

விஷயம் இதுதான். சேக்காட்டில் என் மாமனாருக்கு ஒரு வீடு. மொத்தம் ரெண்டு கிரவுண்டு. அதில் முக்கால் கிரவுண்டு வீடு, மீதியெல்லாம் தோட்டம். போன ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து, மனுஷருக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. உடனே மச்சானிடமிருந்து எனக்கு போன்.

"அத்தான், தோட்டம் பூரா டைல்ஸ் ஒட்டிடலாம். பாசி, பாம்பு, கொசு ஒரு தொல்லையும் இருக்காது. நான் சொன்னா அப்பா கேக்க மாட்டார். நீங்க சொன்னா கேப்பார்."

மாப்பிள்ளை சொன்னால் மாமனார் கேட்பார் என்று இன்னும் நம்புகிற வெள்ளை மனசு அவனுக்கு. கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து எலக்ட்ரிக் டிரெயின். ஆவடி தாண்டி அடுத்த ஸ்டேஷன் இந்துக் கல்லூரி. அங்கே இறங்கினால் சேக்காடு. 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆகிவிட்டது, சேக்காடும் அதற்குள்தான். ஆனால் மார்கழி விடியலில் இறங்கிப் பாருங்கள், கிராமம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை என்று தெரியும். டெம்பரேச்சர் என்னமோ இருபது டிகிரிதான். அதற்கே ஊர் முழுக்க மங்க்கி குல்லா!

வாசலில் மாமியார் கோலத்தை முடித்துவிட்டு, சாண உருண்டையோடு பூசணிப்பூவுக்குக் காத்திருந்தார். உதவலாம் என்று கொடியில் கை வைத்தேன்.

"ஐயோ மாப்பிள்ளை, அது பெண் பூ! அடியில பிஞ்சு இருக்கு பாருங்க. நீளமா வெறும் காம்பு இருக்கே, அதுதான் ஆண் பூ. அதைப் பறிங்க. அதுலயும் நாலஞ்சை விட்டுடுங்க, வண்டு வரணும்."

இத்தனை வருஷமாக பூசணிப்பூவுக்குள் இப்படி ஒரு குடும்ப விவகாரம் இருப்பது எனக்குத் தெரியாது. அந்தச் சாண உருண்டையையும் தூக்கிப் போடுவதில்லை. வறட்டியாகத் தட்டிக் காயவைத்தால், தையில் பொங்கல் அடுப்புக்கு ஆச்சு.

மாமனார் கொல்லையில் இருந்தார். முப்பது வருஷம் ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்தவர். டேங்க் என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை, பீரங்கி வண்டி! இப்போது அவருடைய யுத்தமெல்லாம் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியோடுதான். மழைக்குப் பிறகு அடிமரத்தில் கும்பலாக அப்பிக்கொண்டு இருக்கும். நீளக் குச்சியில் துணியைச் சுற்றி, எண்ணெயில் நனைத்து, தீப்பந்தம் பிடித்தார். ஒரு கையில் கட்டு, மறு கையில் பந்தம். டைல்ஸ் பற்றிப் பேச இது நல்ல சமயமாகத் தோன்றவில்லை.

"வாங்க மாப்பிள்ளை, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தாங்க சாம்பல்."

அவரைப் பந்தலில் அசுவினி. பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவினால்தான் இலையில் ஒட்டுமாம். ஆடியில் போட்ட விதை, புரட்டாசி வரைக்கும் வெறும் கொடியாகப் படர்ந்து ஊரை ஏமாற்றுமாம். ராப்பொழுது நீண்டால்தான் நாட்டு அவரைக்குப் பூக்கவே தோன்றும் என்றார். இப்போது கொத்துக் கொத்தாகக் காய்!

அடுத்து குண்டுமல்லி. நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தார். திருப்பதி போய் வந்தது போல மொட்டையாக நின்றது. "பார்த்தா பாவமா இருக்கும். இப்ப வெட்டினாத்தான் மாசி, பங்குனியில தலைக்குத் தலை பூ" என்றார். பக்கத்திலேயே டிசம்பர் பூ ஊதா நிறத்தில் சிரித்தது. வாசனை கிடையாது. அதனாலென்ன, கொஞ்சம் மருக்கொழுந்தைச் சேர்த்துக் கட்டினால் ஆச்சு என்பது மாமியாரின் தீர்ப்பு.

கொத்தமல்லி விதைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. முழு விதையைப் போட்டால் ரொம்ப நாள் காக்க வைக்குமாம், தேய்த்து ரெண்டாக உடைத்துத்தான் போட வேண்டும். தேய்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன்.

"மாமா, இந்த டைல்ஸ்..."

"அவன் அனுப்பினானா?"

நான் விதையைத் தீவிரமாகத் தேய்த்தேன். அவர் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் நாலு அடியில் நின்றது. குனிந்தால் முகம் தெரிந்தது.

"2019 ஞாபகம் இருக்கா? ஜூன்ல இந்தக் கிணத்துல வெறும் சேறு. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலேருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணி ரயில் போச்சே, 25 லட்சம் லிட்டர், இதே தண்டவாளத்துலதான். நம்ம ஊரைத் தாண்டித் தண்ணி போறதைப் போய் நின்னு பார்த்தேன். ரயில் நிக்கல."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். தெருவுல முழங்கால் தண்ணி. எதிர் வீட்டுல வாசலெல்லாம் சிமெண்ட். மோட்டார் வச்சுத் தெருவுக்கு இறைச்சாங்க. தெரு எங்க போய் இறைக்கும்? நம்ம தோட்டத்துல நின்ன தண்ணி மெதுவா மண்ணுக்குள்ள இறங்குச்சு. சர்க்கார் 2003-லயே மழைநீர் சேமிப்புக் கட்டாயம்னு சொல்லுச்சு. எல்லாரும் ஒரு பைப்பை வச்சுட்டுக் கணக்கை முடிச்சாங்க. மண்ணையே மூடிட்டா பைப் மட்டும் என்ன பண்ணும் மாப்பிள்ளை?"

வக்கீல் நோட்டீசுக்குப் பதில் சொல்லலாம். இதற்கு எப்படிச் சொல்வது? ஆனாலும் அந்த மாவுக்கட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதையும் சொல்லத்தானே வந்தேன்?

"அடுத்த தடவை இடுப்பு எலும்பா இருந்தா என்ன மாமா பண்றது?"

அவர் கட்டைத் தடவிக்கொண்டார். குரல் இறங்கியது.

"விழுந்தப்ப நிஜமாவே பயந்துட்டேன். அவ கோயிலுக்குப் போயிருந்தா. அரை மணி நேரம் வானத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

காபி வந்தது. வாய் வெந்தது. அதற்குள் உடன்படிக்கையும் தயாரானது. கொல்லைக் கதவிலிருந்து கிணறு வரைக்கும் ரெண்டடி அகலத்துக்குச் சொரசொரப்பான கருங்கல் பலகை. சிமெண்ட் வேண்டாம், மணலில் பதித்து இடையில் சந்து விட வேண்டும். ஓரமாகப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி. மழை நாளில் பாசி தேய்க்க ஆள். மிச்சம் பூரா மண்ணுக்கே.

"கம்பியில பாகற்கொடி ஏத்தலாம்" என்றார் மாமனார்.

"கம்பி நீங்க பிடிச்சுக்க!" என்றார் மாமியார்.

சாயங்காலம் ஸ்டேஷனில் நின்றபோது மச்சான் போன் பண்ணினான். "என்ன அத்தான், முடிஞ்சுதா?"

"பாதி முடிஞ்சது. கல்லுக்கு ஆள் பார். நீயே வந்து கூட நின்னு போடு. அப்பாவுக்கு அதுதான் வேணும்."

"டைல்ஸ்?"

ஒரு கையில் ரெண்டு கிலோ அவரைக்காய். செருப்பில் சேறு. விரலிடுக்கில் கொத்தமல்லி வாசனை.

"டிரெயின் வந்துடுச்சுப்பா" என்று போனை வைத்தேன். வரவில்லை. இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.