சென்ட்ரலிலிருந்து கூடூர் வரை: தடா வழி ரயில் தடம்

சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு கூடூர் சந்திப்பில் முடியும் ரயில் தடம் சுமார் 138 கிலோமீட்டர் நீளமுள்ளது. 1899-இல் விஜயவாடாவுக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப்பாதை இணைந்தபோது, கிழக்குக் கரை நெடுக ரயில் ஓட வழி பிறந்தது. இன்று கோரமண்டல், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போன்ற நெடுந்தூர வண்டிகள் வழியில் உள்ள சிற்றூர்களில் நிற்பதில்லை. சென்னையிலிருந்து சுற்றுலா போகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் பழக்கமானவை இரண்டே பெயர்கள்: பழவேற்காட்டுக் கடற்கரை, தடா அருவி. இவ்விரண்டுக்கும் அப்பால் இங்கே என்ன இருக்கிறது என்பதை, நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் புறநகர் வண்டி காட்டுகிறது.

பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் தடம் அரக்கோணம் பாதையிலிருந்து பிரிந்து வடக்கே திரும்புகிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று உழைப்பாளர் குடியிருப்புகள் நெருக்கமாக வருகின்றன. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் உள்ள பழம்பதி. 1956-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கிய ஊரும் அதுவே. அடுத்துள்ள விம்கோ நகர், தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டது. எண்ணூரை அடுத்து, கொசஸ்தலை ஆறு கடலை நெருங்கும் கழியின் மேல் வண்டி போகிறது. அக்கரையில் அத்திப்பட்டு. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கும், 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கும் இதுவே ரயில் வாசல்.

மீஞ்சூரில் நகரம் தளர்ந்து வயல்கள் தொடங்குகின்றன. ஏகாம்பரேசுவரர் கோயிலால் வடகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர் இது. அடுத்த பெரிய ஊர் பொன்னேரி. பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கிப் பேருந்து பிடிக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டில், மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய டச்சுக் கல்லறைகள் இன்றும் உள்ளன. அங்குள்ள மீனவர்களிடம் ‘பாடு’ என்ற ஏற்பாடு வழக்கத்தில் உள்ளது. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களை வரையறுத்து, எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. இன்று குறைந்த பாடு கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல பாடு வரும்.

பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே ஆரணி ஆறு குறுக்கிடுகிறது. அடுத்து வரும் கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர். இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழும் முகாமும் இங்கே உண்டு. புறநகர் வண்டிகளில் பெரும்பாலானவை இங்கேயே திரும்பிவிடுகின்றன. எஞ்சியவை எளாவூர், ஆரம்பாக்கம் வழியே மேலும் வடக்கே போகின்றன.

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் கடைசி நிலையம். அதுவரை தமிழில் தொடங்கிய பெயர்ப்பலகை, அடுத்த நிலையமான தடாவில் தெலுங்கில் தொடங்குகிறது. பேச்சு அப்படி ஒரே இடத்தில் மாறிவிடுவதில்லை. தடா கடைத்தெருவில் இரண்டு மொழியும் புழங்குகின்றன. தடா மண்டலத்தைச் சேர்ந்த, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இரக்கம் தீவில் தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. எல்லை பலமுறை நகர்ந்த நிலம் இது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போய்ச் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடாவும் சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடும் 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தன.

தடா அருவி என்று சென்னையில் சொல்லப்படும் அருவி தடாவில் இல்லை. அது மேற்கே வரதையபாளையத்தை அடுத்த மலைக்காட்டில், உப்பலமடுகு என்ற பெயரில் இருக்கிறது. தமிழில் மடு என்பதைத் தெலுங்கில் மடுகு என்பார்கள். அருவிக்குப் போகிறவர்கள் தடாவைப் பேருந்து மாறும் இடமாக மட்டுமே பார்க்கிறார்கள். இந்த வட்டாரத்தை மாற்றியதோ அதே திசையில் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி. சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் பரந்திருக்கும் இத்தொழில் நகரில் இசுசூ வாகனங்களும் அல்ஸ்டாம் நிறுவனத்தின் ரயில் பெட்டிகளும் தயாராகின்றன. சென்னை மெட்ரோவில் ஓடும் பெட்டிகளில் பெரும்பாலானவை இங்கே செய்யப்பட்டவை. ஷிப்டு மாறும் நேரங்களில் நிறுவனப் பேருந்துகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் ஆந்திர ஊர்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரே வாயிலில் வந்து சேர்கின்றன.

தடாவை அடுத்து அக்கம்பேட்டை. அதன்பின் காளங்கி ஆற்றங்கரையில் சூலூர்பேட்டை. சென்னையின் புறநகர் வண்டி இதுவரைதான் வரும். ஊரின் காவல் தெய்வம் செங்காளம்மன். இக்கோயில் கதவுகள் இரவிலும் சாத்தப்படுவதில்லை. எந்த நேரத்தில் போனாலும் அம்மனைப் பார்க்கலாம். ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் இங்கு வந்து வழிபடும் வழக்கமும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவுக்கான சாலை இந்த ஊரிலிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரியின் நடுவே போகிறது. மழைக்குப் பின் இருபுறமும் தண்ணீர், அதில் பூநாரைக் கூட்டங்கள். கோடையில் அதே இடத்தில் உப்புப் பூத்த வெடிப்பு நிலம். சாலை முடியும் தீவு ஒருகாலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்கு விறகு அனுப்பியது. யானாதிப் பழங்குடிகள் வாழ்ந்துவந்த அக்காட்டை 1969-இல் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ராக்கெட் 1971 அக்டோபர் 9 அன்று கிளம்பியது.

சூலூர்பேட்டைக்கு வடக்கே தொரவாரிசத்திரம் சிறிய நிலையம். அருகில் 1976-இல் அறிவிக்கப்பட்ட நேலபட்டு பறவைகள் சரணாலயம் உள்ளது. அதன் ஏரியில் தண்ணீருக்குள்ளேயே வளரும் செங்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் அவை தங்கும். மரத்தடியில் நிற்கும் தண்ணீரே முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல். நேலபட்டில் கூடு வைத்து, பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்து வருகின்றன. பழவேற்காடு ஏரி கெட்டால் சரணாலயத்தில் குஞ்சு பிழைக்காது.

நாயுடுபேட்டை, சென்னை நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியும் சந்தை நகரம். இங்குள்ள சுவர்ணமுகி ஆறு, தமிழில் பொன்முகலி எனப்படுவது. கண்ணப்ப நாயனாரின் காளத்தி மலையைத் தொட்டு வரும் இந்த ஆறே, கொசஸ்தலை, ஆரணி, காளங்கிக்குப் பின் இத்தடம் கடக்கும் கடைசிப் பெரிய ஆறு.

பெதபரியா, ஓடூர் தாண்டினால் கூடூர். காக்காப்பொன் என்று தமிழில் வழங்கும் மைக்காவின் சுரங்கங்களால் இந்த ஊர் வளர்ந்தது. இன்று எலுமிச்சை மண்டிக்குப் பேர் போனது. மாநில எல்லை ஆரம்பாக்கத்தில் முடிந்தாலும், தெற்கு ரயில்வே சென்னைக் கோட்டத்தின் பொறுப்பு கூடூர் வரை நீள்கிறது. அங்கிருந்து ஒரு பாதை நெல்லூர் வழியாக விஜயவாடாவுக்கும், மற்றொன்று வேங்கடகிரி, காளஹஸ்தி வழியாக ரேணிகுண்டாவுக்கும் பிரிகின்றன.